கன்னிக்காப்பு விதிகள்

ஐம்பத்து நான்காவது வயதில் எனக்குத் திடீரென்று பக்தி வந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஐந்தே முக்காலுக்கு. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் ஐந்தரை மணிக்குத்தான் என் மனைவி ரோகிணி ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை என் முன்னால் வைத்தாள்.

"வியாழக்கிழமை காலையில எட்டரைக்கு. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்களாம். அம்பது தாண்டுனவுக எல்லாரும் ஒருக்கா பாத்துக்கிறது நல்லதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"எந்த வழியா விடுவாங்க?"

"நீங்க எந்த வழின்னு நெனைக்கிறீகளோ, அந்த வழியாத்தான்."

நான் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பெயர் வெள்ளைத்துரை. ஒரு காரியத்தை முடிப்பது எப்படி என்று கேட்டால் யோசிப்பேன். தள்ளிப்போடுவது எப்படி என்று கேட்டால் முப்பது வருட அனுபவம் பேசும். கால் மணி நேரம்தான் யோசித்தேன்.

"நாளைக்கு நம்ம ஊர்ல பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுல்ல?" என்றேன்.

"ஆமா."

"இந்த வருசம் நான் காப்புக் கட்டுறேன்."

எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே இருக்கிறது. அங்கே அம்மனுக்குக் காப்புக் கட்டியவன் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செவ்வாய் கட்டினால் மறு புதன்தான் அவிழ்ப்பார்கள். எட்டரை மணி டாக்டர் ஆகட்டும், எட்டுத் திசை அதிபர் ஆகட்டும், என்னைத் தொட முடியாது. அரசாங்கத் தடை உத்தரவுக்குக்கூட மேல்முறையீடு உண்டு. மஞ்சள் கயிற்றுக்குக் கிடையாது.

ரோகிணி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பதில்கள் கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி காரியம். நான் வேண்டாம்னு சொல்வேனா? நானும் கூட வாரேன். உங்களுக்கு விரதச் சாப்பாடு யாரு ஆக்கிப் போடுறது?"

இவ்வளவு எளிதாக ஒரு வெற்றி எனக்கு இருபத்தாறு வருட மண வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாத உண்மை. தை மாதத்தில் ஒருநாள் காலையில் கக்கூசில் ரத்தத்தைப் பார்த்தேன். கொஞ்சம்தான். சூடு என்று இளநீர் குடித்தேன். பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தேன். மூலமாக இருக்கும் என்று எனக்கு நானே மருத்துவச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை பார்த்தபோது சான்றிதழில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. என் சித்தப்பா கருத்தக்கண்ணன் இப்படித்தான் இரண்டு வருடம் மூலத்துக்கு லேகியம் தின்றார். அது மூலம் இல்லை என்று தெரிந்தபோது டாக்டர்களுக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

ராத்திரியில் படுத்துக்கொண்டு என்னையே கேட்டுக்கொள்வேன். உனக்குப் பயம் அந்தக் குழாய் மேலா? அல்லது அந்தக் குழாய் எதையாவது பார்த்துவிடும் என்பதன் மேலா? பதில் தெரியும். தெரிந்ததால்தான் காப்புக் கட்டப் போனேன்.

செவ்வாய்க்கிழமை பூசாரி மலையாண்டி என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

"டவுனுக்குப் போயி இம்புட்டு வருசம் கழிச்சு ஆத்தா நெனப்பு வந்திருக்கே, அண்ணே! பெரிய விசயம்."

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, மலையாண்டி. இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

பக்கத்தில் நின்ற என் மைத்துனன் அழகுபாண்டி இருமினான். ரோகிணியின் தம்பி. பக்கத்துத் தெருவில் வீடு, தோட்டத்தில் வாழையும் தென்னையும். அவனிடம் மட்டும் அன்று சாயங்காலம் கிணற்றடியில் ரகசியத்தைச் சொன்னேன். ரத்தத்தை அல்ல. சீட்டை.

"மாப்ள, வியாழக்கிழமை எட்டரை மணி தாண்டட்டும். பெறகு பாரு."

"பெறகு என்ன மாமா?"

"பெறகு அந்த டாக்டருக்கு வேற தேதி கிடைக்காது. கிடைச்சா ஆடிட் வரும். ஆடிட் முடிஞ்சா ஆடி வரும். ஆடியில யாரு நல்ல காரியம் பண்ணுவா?"

"நீங்க பெரிய மூளைக்காரரு மாமா."

"அக்காகிட்டச் சொல்லிராதடா."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

வியாழக்கிழமை வந்தது. எட்டரை மணிக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முள் தாண்டியது. அண்ணாந்து பார்த்தால் வானம் நீலமாக இருந்தது. ரோகிணி தட்டில் ஆறு இட்லி கொண்டுவந்து வைத்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி இட்லிகளுக்கு ஒவ்வொன்றாக நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மாறியது.

இலையில் வெறும் வெள்ளைச் சோறு. தெளிந்த ரசம், அதுவும் வடிகட்டியது. தயிர். அவ்வளவுதான்.

"கத்திரிக்கா கூட்டு வாசம் வந்துச்சே?"

"அது எங்களுக்கு. காப்புக் கட்டுனவுக கடைசி நாலு நாளும் விதை உள்ளதச் சாப்பிடக் கூடாது."

"ஏன்?"

"விதைன்னா உசுரு. முளைக்கிறதுக்கு வச்சிருக்கிறது. அதத் தின்னா ஆத்தாளுக்கு ஆகாது."

"கீரை?"

"நாரு. ஆகாது."

"தக்காளி?"

"விதையும் இருக்கு, தோலும் இருக்கு. ரெட்டைப் பாவம்."

எதிர்வரிசையில் எங்கள் பங்காளி முத்திருளன், அவனும் காப்புக் கட்டியவன், முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தான். விதை, தோல், நார் மூன்றும் அவன் வாயில் ஒரே நேரத்தில் இருந்தன.

"அவன் தின்கிறானே?"

ரோகிணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவுக பதிமூணு வருசமாக் கட்டுறவுக. உங்களுக்கு இது முத வருசம். கன்னிக்காப்பு. கன்னிக்காப்புக்கு விதியெல்லாம் தனி. ஊர்ல பெறந்துட்டு இதுகூடத் தெரியாதுன்னு வெளியில சொல்லிராதீக. சிரிப்பாங்க."

அங்கேதான் நான் விழுந்தேன். ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆயிற்று. திருவிழாவுக்கு வருவேன், கறி தின்பேன், போய்விடுவேன். எந்தச் சடங்கு எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஊரில் யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதில் எனக்கு ஒரு கௌரவம். அலுவலகத்தில் தெரியாத விதியைப் பற்றி யாராவது பேசினால் தலையை மெதுவாக ஆட்டுவேன். அதே மாதிரி இங்கேயும் ஆட்டினேன்.

"கன்னிக்காப்பு... தெரியும், தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வெள்ளைச் சோறுதான். செவ்வாய்க்கிழமை பொங்கல் வைத்த வெயிலில் நாக்கு வறண்டது. கோயில் முன்னால் ஒருத்தன் ஐஸ் போட்டு ரோஸ்மில்க் விற்றான். கையை நீட்டினேன். கூட்டத்துக்குள்ளிருந்து ரோகிணியின் கை வந்தது.

"செவப்பு ஆகாது."

"பாலுக்குமா விதி?"

"செவப்பு ஆத்தாளோட நெறம். அத நாம குடிச்சா என்ன அர்த்தம்? ஆத்தாளையே குடிச்ச மாதிரி."

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பூசாரி மலையாண்டியிடம் நேராகப் போனேன். ரோகிணியும் பின்னால் வந்தாள்.

"மலையாண்டி, கன்னிக்காப்புக்கு இம்புட்டு விதி இருக்கா?"

மலையாண்டி என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேல் எதையோ பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"இருக்குண்ணே. ஆத்தா சொன்னா இருக்கும்ல."

எந்த ஆத்தா என்று நான் கேட்காதது என் தப்பு.

புதன்கிழமை காலை காப்பை அவிழ்த்தார்கள். பதினோரு கிடாய் வெட்டினார்கள். எட்டு நாள் சைவத்துக்குப் பின்னால் அந்தக் குழம்பு கொதிக்கிற வாசம் என்னை மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்தேன். அழகுபாண்டி கறி வாளியோடு வந்தான். என் இலையைத் தாண்டிப் போனான்.

"மாப்ள! இந்தா, இங்க!"

"மாமா, உங்களுக்கு இன்னைக்கு நீர் ஆகாரந்தான். அக்கா சொல்லுச்சு."

"காப்பு அவுத்தாச்சுடா!"

ரோகிணி ஒரு சொம்போடு வந்து குனிந்தாள். "கன்னிக்காப்பு அவுத்தவுக அன்னைக்குப் பூராவும் இளநியும் கருப்பட்டித் தண்ணியுந்தான். மறுநாள் உச்சிக்கு மேலதான் சோறு. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு பொறுத்துக்கிட மாட்டீகளா?"

பக்கத்து இலையில் முத்திருளன் நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக் டொக் என்ற அந்தச் சத்தம் இன்றும் என் காதில் கேட்கிறது. ஒரு மனிதன் தன் பொய்யான பக்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை வாங்கியிருக்க முடியாது என்று நினைத்தேன். பாவத்துக்குச் சம்பளம் என்று சமாதானம் செய்துகொண்டு இளநீரைக் குடித்தேன். மூன்று.

மூன்று மணிக்கு அழகுபாண்டியின் காரில் தல்லாகுளம் வந்து சேர்ந்தோம். நான் குளித்துவிட்டு வந்தேன். மேசை மேல் ஒரு பெரிய ஜாடி இருந்தது. பக்கத்தில் ஒரு மருந்துப் பொட்டலம். பக்கத்தில் ஒரு சீட்டு. வியாழக்கிழமை, காலை எட்டரை. நாளைய தேதி.

பொட்டலத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்வதற்கு. அதோடு ஒரு அச்சடித்த தாள். விதை, தோல், கீரை தவிர்க்கவும். முந்தைய நாள் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும். சிவப்பு நிறப் பானங்கள் கூடாது.

அம்மனின் விதிகள் அத்தனையும் கணினியில் அடித்து, கீழே ஆஸ்பத்திரி முத்திரையோடு இருந்தன.

"ரோகிணி!"

"கத்தாதீக. திங்கக்கெழம நீங்க காப்புன்னு சொன்ன அஞ்சாவது நிமிசம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒரு வாரம் தள்ளி வாங்கிட்டேன்."

"ஊரே சேந்து என்ன ஏமாத்தியிருக்கீங்க."

"ஊரு இல்ல. அழகுபாண்டியும் மலையாண்டியும் மட்டுந்தான். முத்திருளனுக்கு முருங்கக்கா பத்தி யாரும் சொல்லல. அதுல கொஞ்சம் பயந்துட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னிடம் இன்னும் ஒரு ஆயுதம் இருந்தது.

"நான் குடிக்க மாட்டேன். வாயத் திறந்து ஊத்துவியா?"

அவள் ஊற்றவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த எட்டு நாளில் முதல் தடவையாக அவள் குரலில் அம்மன் இல்லை.

"மாட்டேன். நீங்களாக் குடிச்சாத்தான். எத்தன தடவ ரத்தம் பாத்தீக?"

கையிலிருந்த தாளை மேசை மேல் வைத்தேன்.

"உனக்கு எப்பிடி..."

"இந்த வீட்டுல கக்கூசக் கழுவுறது யாரு? நீங்களா?"

அலுவலகத்தில் எத்தனையோ ரகசியக் கோப்புகளைப் பாதுகாத்திருக்கிறேன். சொந்த வீட்டில், கழுவுகிறவளை மறந்துவிட்டேன்.

"மூணு தடவ," என்றேன்.

"நாலு. ஒண்ண நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"ஏதாச்சும் இருந்துச்சுன்னா?" என்று கேட்டேன். தை மாதத்திலிருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வி. வெளியே வந்தபோது சின்னதாக இருந்தது.

"இருந்தா எடுத்துருவாக. பாக்காம விட்டா மட்டும் அது எந்திரிச்சுப் போயிருமா?"

நான் ஜாடியைக் கையில் எடுத்தேன். மருந்து கரைத்த தண்ணீர், இரண்டு லிட்டர். பொட்டலத்தில் எலுமிச்சம்பழச் சுவை என்று போட்டிருந்தது. எந்த எலுமிச்சம்பழமும் தன் மேல் இப்படி ஒரு பழியை ஏற்றுக்கொள்ளாது. அரை மணி நேரத்துக்குள் அது வேலையைத் தொடங்கியது. முப்பது வருடம் எதையும் தேக்கி வைத்தே பழகிய நான் அந்த ஒரு ராத்திரியில் நிலுவை அத்தனையையும் பைசல் செய்தேன்.

காலையில் டாக்டர் இந்துப்ரியா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம், தெற்குமாசி வீதிப் பக்கம் என்று ரோகிணி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

"சார், விதை எதுவும் சாப்பிடலையே?"

"அம்மன் மேல சத்தியமா இல்லை."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

கையில் ஊசி போட்டார்கள். "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தாள். "முடிஞ்சிருச்சு சார்." வலி இல்லை. நினைவும் இல்லை. எட்டு நாளாக நான் ஊரைத் தாண்டாமல் ஓடி ஒளிந்தது ஒரு அரைமணி நேரத் தூக்கத்தைக் கண்டு.

குடலின் உள்சுவரில் மூன்று சின்னச் சதை வளர்ச்சிகள் இருந்தனவாம். மூன்றையும் அப்போதே அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் ரோகிணி இரண்டு தடவை உப்பில்லாமல் சாம்பார் வைத்தாள். ஒருமுறை பாலைப் பொங்கவிட்டு, அடுப்பின் முன்னாலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்தேன்.

முடிவு வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு சாதாரணம் சார். ஒண்ணுல மட்டும் புத்துநோய் ஆரம்பிச்சிருந்துச்சு."

நான் ரோகிணியைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"ஆனா அந்தச் சதையோட நுனியிலதான். அது ஒட்டியிருந்த காம்புக்கு எறங்கல. எடுத்த இடம் சுத்தமா இருக்கு. ஸ்கேன்லயும் வேற எங்கயும் இல்ல. பெரிய ஆபரேசன் வேண்டாம், மருந்து ஏத்த வேண்டாம். ஆறு மாசத்துல ஒருக்கா வந்து காட்டுங்க. அதுக்குப் பெறகு நான் சொல்ற கெடுவுல."

"இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தா?"

"அது சுவருக்குள்ள எறங்கியிருக்கும். அப்பக் குடல்ல ஒரு துண்ட வெட்டணும். இன்னும் பிந்தினா மாசக்கணக்குல மருந்து. அதுக்கும் வைத்தியம் இருக்கு சார், நெறையப் பேரு பொழைக்கிறாங்க. ஆனா இப்ப ஒரு தூக்கத்துல முடிஞ்சது, அப்ப ஒரு வருசம் ஆகும். மூலம்னு நெனச்சுக்கிட்டு வாராதவங்களத்தான் நான் லேட்டாப் பாக்குறேன்."

வாசலுக்கு வந்ததும் ரோகிணி கேட்டாள். "பசிக்குதா?" அன்று முழு ஆட்டையும் தின்றிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆள். அலுவலகத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள் யாரும் என்னைத் தாண்டிக் காண்டீனுக்குப் போக முடியாது. நாலு பேரை அனுப்பிவிட்டேன். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்குச் சின்னதாக ஒன்று எடுத்தார்கள். இன்னொருவருக்கு உண்மையிலேயே மூலம். டிரைவர் சிவனாண்டி என்னைக் கண்டால் ஜீப்புக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்ப்பது போலப் பாவனை செய்கிறான். அவனையும் விடமாட்டேன்.

அப்போதுதான் ஒருநாள் என் ஆஸ்பத்திரி பைலைப் புரட்டும்போது எனக்கு உறைத்தது. ரோகிணிக்கு வயது ஐம்பத்தொன்று. எனக்கு அத்தனை உபதேசம் செய்தவள், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டிக்கொண்டாள்! நேராகச் சொன்னால் அடுப்பு வேலை, துணி வேலை என்று நழுவுவாள். தந்திரம் வேண்டும். அவளுடைய தந்திரமே அவளுக்கு.

டாக்டரிடம் நேரம் வாங்கினேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முகத்தைச் சட்டம் படித்தவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"ரோகிணி, ஆஸ்பத்திரியில ஒரு விதி சொன்னாங்க. புருசனுக்கு எடுத்தாச்சுன்னா, ஒரு மாசத்துக்குள்ள பொண்டாட்டிக்கும் பாக்கணுமாம். இல்லன்னா என் பைல மூட மாட்டாங்களாம்."

"அப்பிடியா!" என்றாள் பயபக்தியோடு. "எல்லாருக்குமா? இல்ல முத தடவ வாரவுகளுக்கு மட்டுமா?"

"முத தடவை வாரவங்களுக்கு."

அவள் எழுந்து போனாள். பீரோவைத் திறந்தாள். பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர். பெயர்: வெ. ரோகிணி. குடல் சுத்தம், ஒன்றுமில்லை. தேதி மாசி மாதத்தில் இருந்தது. என் சீட்டுக்கு மூன்று வாரம் முன்னால்.

"திருவாதவூருக்கு என் தங்கச்சி மாயக்கா வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வந்தேன்ல? அன்னைக்கு."

எனக்கு அந்த இரண்டு நாளும் ஞாபகம் வந்தன. பழைய குழம்பைச் சூடு பண்ண வேண்டியிருக்கிறது என்று போனில் குறைப்பட்டிருந்தேன்.

"நீ எதுக்குடி முதல்ல போன?"

"உங்களுக்கு ரத்தம் வந்ததப் பாத்தேன். எப்பிடியும் கூட்டிட்டுப் போகணும். அது எம்புட்டு வலிக்கும், தாங்குவீகளா மாட்டீகளான்னு எனக்குத் தெரிய வேணாமா? அதான் ஒரு எட்டு நான் போயிப் படுத்துப் பாத்துட்டு வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து நான் வாங்கி வந்த சீட்டை எடுத்து மெதுவாக மேசை மேல் வைத்தேன்.

ரோகிணி அதை எடுத்தாள். முன்பக்கத்தைப் படிக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், வெள்ளையாக இருந்தது. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்: துவரம்பருப்பு, ஒரு கிலோ.